குடும்பப் பெயரும் குலச் சின்னமும்

“உங்கள் குடும்பப் பெயர் யாது?” என்னும் வினா நம் ஊர்ப்பக்கத்து மக்களுக்கு நெடுங்காலம் பழக்கமற்றதாகவே இருந்தது. விருதுநகரில் வற்றல் மண்டி வைத்திருப்பவரையும், சிவகாசியில் அச்சகம் நடத்துபவரையும் அடையாளம் காணத் தந்தையின் தலைப்பெழுத்து ஒன்றே நமக்குப் போதுமானது. அது போதாதவிடத்துத் தெருவின் பெயரோ தொழிலின் பெயரோ துணைக்கு வரும். ‘தீப்பெட்டி ஆபீசுக்காரர் வீடு’, ‘லேபிள் அச்சடிப்பவர் வீடு’ என்றால் தபால்காரர் தவறாமல் வந்து சேருவார்.

ஆனால் நம் பிள்ளைகள் படிப்பிற்கும் பிழைப்பிற்கும் கடல் கடந்து செல்லத் தொடங்கியபின் நிலை மாறிவிட்டது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெயருக்கென ஒரு கட்டமும், குடும்பப் பெயருக்கென மற்றொரு கட்டமும் உள்ளன. இரண்டாம் கட்டத்தில் எதை எழுதுவது என்று பெற்றோர் திகைக்கின்றனர். ஒருவர் தம் பெயரை எழுதுகிறார். ஒருவர் பாட்டனார் பெயரை எழுதுகிறார். ஒருவர் ஊர்ப்பெயரை எழுதுகிறார். வேறு சிலர், நம் பெரியோர் பாடுபட்டுக் களைந்த சாதிப்பெயரைத் தேடியெடுத்து அக்கட்டத்தில் நிரப்புகின்றனர். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் இரு வேறு குடும்பத்தினர்போல அயல்நாட்டு ஏடுகளில் காட்சியளிக்கின்றனர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்க்குச் சிலவகை விசாக்களில் நுழைவு இல்லை என அறிவித்தபோது, இக்கவலை பல வீடுகளில் அச்சமாகவே மாறிற்று. தந்தை பெயர் கடவுச்சீட்டின் மறுபக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கம் வந்தபோதும், வினா வினாவாகவே நிற்கிறது.

குடும்பப் பெயர் என்பது எங்கிருந்து வந்தது? அதனோடு சேர்த்துப் பேசப்படும் கேடயச் சின்னம் என்பது யாருக்கு உரியது? இவற்றைச் சற்று ஆராய்ந்து பார்ப்பின், அக்கட்டத்தில் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்பதும் தானே விளங்கும்.

பதிவேடு தந்த பெயர்

குடும்பப் பெயரை உலகெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஆங்கிலேயர். ஆயினும் அவர்களுக்கே அது ஆதிமுதல் இருந்ததன்று. 1066 ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய காலத்தில் எளிய மக்களுக்கு ஒரே பெயர்தான். ஓர் ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் அவர்களைப் பிரித்தறிய அடைமொழிகள் தோன்றின. கொல்லன் ஜான் ‘ஸ்மித்’ ஆனார். துணி தைப்பவர் ‘டெய்லர்’ ஆனார். குன்றோரம் குடியிருந்தவர் ‘ஹில்’ ஆனார். ஜானின் மகன் ‘ஜான்சன்’ ஆனார். பழுப்பு நிறத் தலைமுடி உடையவர் ‘பிரவுன்’ ஆனார். தொழில், இடம், தந்தை, உருவம் என்னும் இந்நான்கு வாயில்களின் வழியாகவே பெரும்பாலான ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் நுழைந்தன. நம் தெருக்களில் வழங்கும் அடையாளங்களும் இந்நான்கே அன்றோ? அவர்கள் அவற்றை நிலைப்படுத்திக்கொண்டனர், நாம் நிலைப்படுத்தவில்லை. வேறுபாடு அவ்வளவே.

நிலைப்படுத்தியதில் கோயிற் பதிவேட்டிற்குப் பெரும் பங்கு உண்டு. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்கிலும் எழுதி வைக்க வேண்டுமென 1538 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆணை பிறந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563 ஆம் ஆண்டில், திருமணங்களைப் பங்குக்குரு ஏட்டில் பதிய வேண்டுமெனவும், ஞானப் பெற்றோரின் பெயர்களையும் எழுதி வைக்க வேண்டுமெனவும் விதித்தது. உறவுமுறைத் தடைகளை அறியவும், மறைவான திருமணங்களைத் தடுக்கவும் எழுந்த ஏற்பாடுகள் இவை. தந்தையின் பெயரோடு மகன் பெயரும், மகன் பெயரோடு பேரன் பெயரும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதப்பட்டபோது, நேற்றுவரை மாறிக்கொண்டிருந்த அடைமொழி நிலைத்த குடும்பப் பெயராக இறுகியது. இவ்வாறு அரண்மனை வாயிலில் நின்றறியாத ஏழை உழவனும் தன் குடும்பப் பெயரைக் கோயில் ஏட்டில் உறுதியாகப் பெற்றான்.

நம் ஆண்டவரின் சீடர்களிலும் தந்தை பெயரால் அறியப்பட்டவர் உண்டு. யோனாவின் மகன் சீமோன் என்று நற்செய்தியில் காண்கிறோம். நம் வழக்கப்படி எழுதினால் அவர் யோ. சீமோன் ஆவார்! தந்தையின் பெயரைத் தாங்கி நிற்கும் நம் தலைப்பெழுத்து முறை ஏதோ குறைபாடு என்று நாணுவோர், அதன் பழமையை எண்ணிப் பார்ப்பாராக.

கேடயத்தில் ஏறிய படம்

இனி, சின்னத்தின் வரலாற்றைக் காண்போம். இரும்புக் கவசமும் தலைச்சீராவும் அணிந்த வீரனின் முகம் போர்க்களத்தில் தெரியாது. 1066 ஆம் ஆண்டுப் போரைச் சித்திரிக்கும் புகழ்பெற்ற பேயோ துணிச்சித்திரத்தில், தாம் இறக்கவில்லை என்று படையினர்க்குக் காட்ட வில்லியம் தம் தலைச்சீராவை உயர்த்தி முகம் காட்டும் காட்சி இடம்பெற்றுள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முகத்திற்குப் பதிலாகக் கேடயமே பேசத் தொடங்கிற்று. சிங்கம், சிலுவை, பட்டை, பறவை என ஒவ்வொரு வீரனும் தனக்கென ஒரு படம் தீட்டிக்கொண்டான். அப்படம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. பின்னர் இதற்கென விதிகளும் அதிகாரிகளும் தோன்றினர். 1484 ஆம் ஆண்டில் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் நிறுவிய சின்ன அலுவலர் கழகம் இலண்டனில் இன்றும் இயங்கிவருகிறது.

ஒரே சின்னத்தை இருவர் கொண்டால் என்னாகும்? 1385 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துமீது படையெடுத்துச் சென்ற ஆங்கிலேயப் படையில், ரிச்சர்டு ஸ்குரோப் என்பவரும் ராபர்ட் குரோவ்னர் என்பவரும் நீல நிறத்தில் பொன்னிறச் சாய்பட்டை தீட்டிய ஒரேவகைக் கேடயத்தோடு வந்து நின்றனர். ‘குரோவ்னர்’ என்னும் குடும்பப் பெயருக்குப் பெரிய வேட்டைக்காரர் என்பது பொருள். ஸ்குரோப் வழக்குத் தொடுத்தார். நூற்றுக்கணக்கானோர் சாட்சி கூறினர். ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரும் அவர்களில் ஒருவர். இலண்டன் தெரு ஒன்றில் விடுதி வாயிலில் அச்சின்னம் தொங்கக் கண்டு, “ஸ்குரோப் இங்கே தங்கியிருக்கிறாரோ?” எனத் தாம் வினவியதையும், “இல்லை, இது குரோவ்னருடையது” என்று விடை வந்ததையும் அவர் எடுத்துரைத்தார். 1390 ஆம் ஆண்டில் அரசரின் இறுதித் தீர்ப்பு ஸ்குரோப்பின் பக்கம் வந்தது. தோற்ற குரோவ்னர் பொன்னிறக் கோதுமைக் கதிர்க்கட்டு ஒன்றைப் புதிய சின்னமாக ஏற்றார். அக்கதிர்க்கட்டை அவர் வழியினர் இன்றளவும் பெருமையோடு தாங்குகின்றனர்.

சிவகாசி வாசகர்க்கு இவ்வழக்கு புதிதாகத் தோன்றாது. தீப்பெட்டியிலும் பட்டாசுப் பெட்டியிலும் ஒட்டப்படும் லேபிளைப் போலியாக அச்சடித்தால் என்ன நேரும் என்பதை அங்குள்ள சிறுவனும் அறிவான். எழுத்தறியாதவரும் சேவலையும் மயிலையும் அணிலையும் பார்த்தே சரக்கை வாங்கிய காலம் உண்டு. முகம் தெரியாத வீரனுக்குக் கேடயம் எதுவோ, முகம் தெரியாத உற்பத்தியாளருக்கு லேபிள் அதுவே. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922 ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பிய நாள்முதல், அச்சும் படமும் அவ்வூரின் வாழ்வோடு பிணைந்துவிட்டன. லேபிளை அழகாக அச்சடித்துவிடலாம். உள்ளே இருக்கும் மருந்து நமத்திருந்தால் அடுத்த தீபாவளிக்கு அப்பெட்டியை யாரும் தீண்டார். படம் பெட்டிக்குப் புகழ் தருவதில்லை. பெட்டியே படத்திற்குப் புகழ் தருகிறது.

பெயரையே படமாக்கும் விளையாட்டும் ஐரோப்பியச் சின்னங்களில் மிகுதி. நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தையார் பெயரால் 1596 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட கேடயத்தில் ஓர் ஈட்டி உண்டு. ‘ஸ்பியர்’ என்பது ஈட்டி. மறைசாட்சி புனித தாமஸ் மூர் அவர்களின் கேடயத்தில் கரிய காட்டுக்கோழிகள் மூன்று உண்டு. ‘மூர்’ என்னும் புதர்நிலத்தில் வாழும் பறவை அது. மன்னரின் மனம் கோண அஞ்சாது மனச்சான்றைக் காத்த அப்பெரியாரைத் துரோகி எனத் தீர்த்து, 1535 சூலை 6 ஆம் நாள் தலை வெட்டினர், உடைமைகளைப் பறித்தனர். நானூறு ஆண்டுகள் கழித்து, 1935 ஆம் ஆண்டில், திருச்சபை அவரைப் புனிதரெனப் பறைசாற்றியபோது, காட்டுக்கோழிகளின் பொருட்டு அன்று அவர் நினைக்கப்பட்டது.

ஈண்டு நம் வாசகர் நினைவிற் கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. கேடயச் சின்னம் ஒரு குடும்பப் பெயருக்கு வழங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட ஒரு மனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்குமே வழங்கப்படுகிறது. ஸ்மித் என்னும் பெயருடையோர் அனைவர்க்கும் பொதுவான சின்னம் என ஒன்றில்லை. இலண்டன் கழகத்தாரும் இதனையே வலியுறுத்துகின்றனர். இவ்விதியை அறியாமல் ஏமாறுவோர் பலர்.

பர்னாந்தின் பின்னே ஒரு புனிதர்

இவ்விதி நம் வீடுகளையும் தொடுகிறது. விருதுநகரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள தூத்துக்குடிக் கடற்கரையில் ஐரோப்பியக் குடும்பப் பெயர்கள் ஐந்நூறு ஆண்டுகளாக வழங்கிவருகின்றன. பர்னாந்து, ரொட்ரிகோ, பெரைரா, மச்சாடோ, மிராந்தா, கோமஸ், வாஸ், மோத்தா, குரூஸ் எனப் பட்டியல் நீளும். அக்கரையிலிருந்து வணிகத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் நம் பகுதிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம் பங்குகளிலும் உள்ளன.

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர், தம் கடலையும் உயிரையும் காத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். அவர்தம் தூதுக் குழுவினர் கொச்சிக்குச் சென்றனர். அதனைத் தொடர்ந்து ஊர் ஊராக ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். 1542 ஆம் ஆண்டில் அங்கு வந்திறங்கிய புனித சவேரியார், பெயரளவில் கிறிஸ்தவராயிருந்த அம்மக்களுக்குச் செபங்களைத் தமிழிலேயே கற்பித்து விசுவாசத்தை வேரூன்றச் செய்தார். ஞானஸ்நானத் தொட்டியின் அருகே ஞானத்தந்தையராக நின்ற போர்த்துக்கீசியரின் பெயர்கள் புதுக் கிறிஸ்தவர்களுக்குச் சூட்டப்பட்டன. அப்பெயர்களே பிள்ளை வழி பேரன் வழி இறங்கிக் குடும்பப் பெயர்களாயின. ஆகவே நம் கடற்கரைப் பர்னாந்துகள் போர்ச்சுகல் நாட்டுக் கோமகன் எவரின் வழித்தோன்றலுமல்லர். தமிழ்க் கடலோடிகளின் வழித்தோன்றல்கள். பெயர் மட்டும் இரத்த உறவாலன்றி ஞான உறவால் வந்தது.

அப்பெயர்களின் பொருளும் அறியத்தக்கது. பெரைரா என்பது பேரி மரம். சில்வா என்பது காடு. மச்சாடோ என்பது கோடாரி. குரூஸ் என்பது சிலுவை. வாஸ் என்பது வாஸ்கோவின் மகன். பர்னாந்து என்பது பழைய ஜெர்மானிய மொழியினின்று பிறந்த ஆட்பெயர். அதனுள் துணிவு என்னும் பொருள் பொதிந்துள்ளது. ஆயினும் நம் மக்களுக்கு அதனினும் இனிய செய்தி ஒன்று உண்டு. உவரியிலும் நம் தெருமுனைக் கெபிகளிலும் நாம் ‘கோடி அற்புதர்’ என வணங்கும் பதுவைப் புனித அந்தோனியார், லிஸ்பன் நகரில் பிறந்து ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் பர்னாந்து என்பதே! 1220 ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தபோதுதான் அவர் அந்தோனியார் ஆனார். வீட்டில் பர்னாந்து என்னும் பெயர் வழங்குமாயின், அதன் பின்னே சிங்கம் தீட்டிய கேடயத்தைத் தேட வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் நாம் மெழுகுதிரி ஏற்றும் புனிதரே அங்கு நிற்கிறார்.

பெரைரா குடும்பங்களுக்கும் இத்தகைய பேறு உண்டு. போர்ச்சுகலின் உயர்குடிப் பெரைராக்களின் கேடயம் சிவப்பு நிறம். அதில் வெண்ணிறச் சிலுவை. அக்கேடயத்தைத் தாங்கியவருள் தலைசிறந்தவர் நூனோ ஆல்வரஸ் பெரைரா. ஸ்குரோப்பும் குரோவ்னரும் பட்டைக்காக வழக்காடப் புகுந்த அதே 1385 ஆம் ஆண்டில், அல்சுபரோட்டாப் போரில் வென்று தம் நாட்டின் விடுதலையைக் காத்தவர் அவர். அவர் மகளின் வழியில் அரசகுலம் ஒன்றே தோன்றிற்று. அத்தகையவர் 1423 ஆம் ஆண்டில் தம் செல்வத்தைப் பகிர்ந்தளித்துவிட்டு, லிஸ்பன் கார்மேல் மடத்தில் எளிய சகோதரராகச் சேர்ந்தார். பட்டங்களையும் பெரைரா என்னும் பெயரையும் களைந்து, மரியன்னையின் நூனோ எனத் தம்மை அழைத்துக்கொண்டார். 2009 ஏப்ரல் 26 ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கேடயத்திற்குரியவரே கேடயத்தை இறக்கி வைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

அண்மையில் நம் பங்குக் குடும்பம் ஒன்று, அயல்நாட்டில் பணிபுரியும் மகன் வாங்கியனுப்பிய சட்டமிட்ட படமொன்றை மந்திரிக்கக் கொண்டுவந்தது. நீலக் கேடயத்தில் சிங்கமும், கீழே பர்னாந்து என்னும் பெயரும் பொன்னெழுத்தில் மின்னின. அச்சின்னம் எவரோ ஒருவரின் மரபைக் குறிப்பதாக இருக்கலாம்; அன்றி, கடைக்காரரின் கற்பனையாகவும் இருக்கலாம்; நம் குடும்பத்தைக் குறிப்பதாக இராது என விளக்கினோம். உடன்வந்த பாட்டியார், “அப்படியானால் எங்கள் வீட்டுக்கு அடையாளமே இல்லையா, சாமி?” என்று கேட்டார். “உங்கள் தகப்பனார் என்ன தொழில் செய்தார்?” என்று வினவினோம். “வள்ளத்தில் போய்ச் சங்கு குளித்தார். மூச்சடக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை” என்றார் அவர். படத்தை அழகுக்காகச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் கீழே சங்கு குளித்த பூட்டனாரின் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள் என்றோம். பிள்ளைகளுக்கு அப்பெயர் அதுவரை தெரியாது.

விருதும் நகரும்

ஐரோப்பியர் கேடயத்தில் கண்டதை நம் முன்னோர் கொடியிலும் குடையிலும் கண்டனர். சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும் சின்னங்களாயிருந்தமை பள்ளிச் சிறாரும் அறிந்தது. இத்தகைய பெருமைச் சின்னங்களையே தமிழில் விருது என்றனர். நாம் வாழும் நகரமே அச்சொல்லைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது! பல நாடுகளை வென்று அவற்றின் விருதுகளைத் தாங்கிய வீரன் ஒருவன் இவ்வூருக்கு வந்து அறைகூவல் விடுத்ததாகவும், ஊரார் ஒருவர் எதிர்த்துநின்று அவனை வீழ்த்தி விருதுகளைக் கைப்பற்றியதாகவும், அதனால் விருதுகள்வெட்டி எனப் பெயர் எழுந்து, பின் விருதுபட்டி ஆனதாகவும் செவிவழிக் கதை ஒன்று வழங்குகிறது. 1923 ஆம் ஆண்டில் விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. கதையில் வென்றவரின் பெயர் மக்கள் நாவில் நிலைக்கவில்லை; பறிபோன விருதுகளின் பெயரே நிலைத்தது. சின்னத்தின் மீது மாந்தர்க்குள்ள மயக்கத்திற்கு இதுவே சான்று.

அம்மயக்கம் தீங்கும் விளைத்தது. எந்தச் சாதியார் குடை பிடிக்கலாம், எவர் பல்லக்கு ஏறலாம், எவர் கொடி தூக்கலாம் என்பதன் பொருட்டு நம் தென்னாட்டில் எழுந்த பூசல்களும் வழக்குகளும் எண்ணிலடங்கா. ஸ்குரோப்பின் வழக்கில் சாட்சிகள் பேசினர். நம் ஊர்களில் அரிவாள்களும் பேசின.

திருச்சபையில் இன்றும் கேடயச் சின்னம் வழக்கிலுள்ளது. ஆயரின் மடல்களில் அதனைக் காண்கிறோம். ஆயர்க்குப் பச்சைத் தொப்பியும் பக்கத்திற்கு ஆறு குஞ்சங்களும், பேராயர்க்குப் பத்தும், கர்தினால்மார்க்குச் சிவப்பு நிறத்தில் பதினைந்தும் உரியன. கூலித் தொழிலாளியின் மகன் ஆயராயினும் அவருக்குச் சின்னம் உண்டு. அவருக்குப்பின் அதனை ஏற்க வாரிசு இல்லை. தாம் எப்பணிக்கு அழைக்கப்பட்டார் என்பதையே அவர் அதில் வரைந்துகொள்கிறார். பிறப்பின் பெருமையைக் காட்ட எழுந்த கலை, பணியின் பொறுப்பைக் காட்டும் கலையாக அங்கு மாறியிருக்கிறது.

‘பிள்ளை’ நீங்கிய தேவசகாயம்

கடற்கரையில் ஐரோப்பியப் பெயர்கள் நிலைத்தன. உள்நாட்டிலோ வேறு வழக்கம் வேரூன்றியது. 1606 ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி அடிகளார், கிறிஸ்தவராவோர் போர்த்துக்கீசியராக மாற வேண்டியதில்லை எனக் கண்டார். உயர்குடியினர் எனப் பொருள்படும் குடும்பப் பெயரைக் கொண்டிருந்த அவரே தத்துவ போதகர் என்னும் பெயரால் அழைக்கப்பட்டார். புனிதர்களின் பெயர்களும் தமிழுடை உடுத்தன. அருளப்பர், சின்னப்பர், சூசை, ஆரோக்கியம், சவரிமுத்து, ஞானப்பிரகாசம் எனச் செவிக்கினிய பெயர்கள் நம் பகுதி ஞானஸ்நான ஏடுகளை நிரப்பின. இவற்றுக்குப் பின்னே குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் உண்டு.

ஆயினும் சாதிப்பெயர் என்னும் நிழல் ஏடுகளிலும் புகுந்தது. அது நம்மிடையே நெடுநாள் நிலவியது என்பதை மறைப்பதற்கில்லை. இவ்விடத்தில் புனித தேவசகாயத்தின் பெயர் வரலாறு நமக்குப் பாடமாகிறது. 1712 ஆம் ஆண்டில் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர், 1745 மே 14 ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம். கடவுளே துணை என்பது பொருள். அவர்தம் மனைவியார் பார்கவி ஞானப்பூ ஆனார். 1752 சனவரி 14 ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 2012 டிசம்பரில் நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபோது ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே ஏட்டில் இருந்தது. எல்லாரையும் சமமாகப் பாவித்தமைக்காகத் துன்புற்றவரின் பெயரில் சாதி ஒட்டியிருத்தல் தகாது எனப் பொதுநிலையினர் உரோமைக்கு முறையிட்டனர். முறையீடு ஏற்கப்பட்டது. 2022 மே 15 ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதரென அறிவித்தபோது, வெறும் தேவசகாயம் என்றே உலகம் கேட்டது.

நாட்டு வாழ்விலும் அத்தகைய துறவு நிகழ்ந்துள்ளது. 1929 ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னே சாதிப்பட்டம் வேண்டாமெனத் தீர்மானித்தது. அதன்பின் தமிழகத்தில் பெயரின் வால் அறுந்தது. தலைப்பெழுத்து மட்டும் தங்கிற்று. நம் விருதுநகரின் மைந்தர் கு. காமராசரைத் தந்தை குமாரசாமியின் ஓரெழுத்தோடு உலகம் அறிந்தது. அவருக்கு வேறு விருது தேவைப்படவில்லை.

கட்டத்தில் எழுத வேண்டியது

இவ்வாறிருக்க, பெரியோர் துறந்ததைக் கடவுச்சீட்டின் பொருட்டு நாம் மீண்டும் தேடுதல் நன்றோ? அறியாமையால் நேர்வதே பெரிதும். பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவன சில.

முதலாவதாக, குடும்பப் பெயர் தேவைப்படுமாயின் தந்தையின் பெயரையோ பாட்டனாரின் பெயரையோ எழுதுங்கள். ஜான்சனும் வாசும் அவ்வழியில் பிறந்தவையே. சாதிப்பெயரை எழுதாதீர்கள். அது பிள்ளையின் கழுத்தில் அவன் கேளாமலே கட்டப்படும் பட்டயம். அவன் பேரனும் அதனைச் சுமக்க நேரும்.

இரண்டாவதாக, உடன்பிறந்தோர் அனைவர்க்கும் ஒரே பெயரைக் கொள்ளுங்கள். மூத்தவனுக்கு ஒன்று, இளையவளுக்கு ஒன்று எனின், நாளை உறவை மெய்ப்பிக்க அலுவலகந்தோறும் அலைய நேரிடும்.

மூன்றாவதாக, ஞானஸ்நான ஏட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக உள்ளதா என்பதைப் புதுநன்மைக்கு முன்னரே ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் ஆரோக்கியம், பள்ளியில் வேறு பெயர், ஏட்டில் மற்றொன்று என்னும் நிலை திருமண ஓலை வாசிக்கும் நாளில்தான் வெளிப்படுகிறது. அன்று அவசரமாக ஏட்டைத் திருத்தித் தரும்படி கேட்பதில் பயனில்லை. தக்க சான்றும் மேலிடத்து ஒப்புதலும் இன்றிப் பங்குக்குரு அதில் கைவைக்கலாகாது. அவ்வேட்டின் மதிப்பே அதில்தான் உள்ளது.

நான்காவதாக, மணமான மகளிர் தந்தையின் பெயரை நீக்கிக் கணவரின் பெயரை ஏற்றே ஆக வேண்டுமென்னும் கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஞானஸ்நானப் பெயர் திருமணத்தால் மாறுவதுமில்லை. விரும்பி மாற்றுவோர், எல்லா ஆவணங்களிலும் ஒருசேர மாற்றுவாராக.

இறுதியாக, வீட்டில் ஓர் ஏடு வையுங்கள். பாட்டன், பூட்டன், பாட்டி, பூட்டி ஆகியோரின் பெயர், பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற கோயில், செய்த தொழில் ஆகியவற்றை முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிய பாட்டியின் பெயரும் அதில் இருக்கட்டும். கடையில் விற்கும் எந்தக் கேடயத்திலும் அப்பெயர் இராது.

பெயர் சூட்டுவதில் உறவினர் தலையிடுவதும் புதிதன்று. செக்கரியாவின் வீட்டில் குழந்தைக்குத் தந்தையின் பெயரையே இட வேண்டுமெனச் சுற்றத்தார் கூடினர். அருளப்பர் என்று தாய் கூறியபோது, அப்பெயர் உங்கள் உறவில் யாருக்கும் இல்லையே என்று மறுத்தனர். பேச்சிழந்திருந்த தந்தை எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, கடவுள் தந்த பெயரையே அதில் எழுதினார். எழுதியவுடன் அவர் நா கட்டவிழ்ந்தது. நம் கையிலும் இன்று ஒரு விண்ணப்பத்தாள் இருக்கிறது. அதிலுள்ள சிறு கட்டத்தில், பிள்ளை நாளை நாணமின்றி வாய்விட்டுச் சொல்லத்தக்க பெயரை எழுதுவோமாக.